வீட்டில் செய்யும் மின்னணு மழைமானி: கவிழ்வாளி தேவையா, சென்சார் பலகை போதுமா?

ஜூன் 4 · கேள்வி

சீப்புப் பல் போலச் செம்புக் கோடுகள் ஓடும் ‘மழை சென்சார்’ பலகையை மைக்ரோகன்ட்ரோலரின் (நிரலை ஓட்டும் சிறு கணினிச் சில்லு) அனலாக் காலில் இணைத்திருக்கிறேன். அந்தக் கால் மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை எண்ணாகப் படிக்கும். காய்ந்திருக்கும்போது 1023. கொஞ்சம் நனைந்தால் 700, நன்றாக நனைந்தால் 300. இந்த எண்ணை மில்லிமீட்டராக மாற்ற ஒரு சூத்திரம் போட்டுவிட்டால் மழைமானி தயார் என்றே நினைக்கிறேன். அசையும் பாகமே இல்லை, பழுதும் வராது. எல்லோரும் ஏன் கவிழ்வாளியை, நீர் நிரம்பியதும் கவிழும் அந்தச் சிறு வாளியை, கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?

ஜூன் 4, இரவு · பதில்

அந்தப் பலகைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மேலே ஈரம் இருக்கிறதா, இல்லையா. முழுக்க நனைந்த பிறகு 2 மி.மீ. பெய்தாலும் 40 மி.மீ. பெய்தாலும் அதே 300தான் காட்டும். மழை விட்ட பின்பும் காயும்வரை பெய்துகொண்டிருப்பதாகவே சொல்லும். தூசியைக் கரைத்துக்கொண்டு ஓடும் முதல் தூறலும், ஒரு மணி நேரம் கழித்து விழும் சுத்தமான நீரும் ஒரே அளவில் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. சூத்திரம் போட அதில் பிடிமானமே கிடையாது.

பழுது வராது என்பதும் சரியல்ல. இரண்டு சீப்புக்கும் நடுவே எந்நேரமும் 5 வோல்ட் நின்றால், ஈரத்தில் மின்பகுப்பு நடந்து நேர்முனைப் பக்கச் செம்பு கரைந்துகொண்டே போகும். கோடுகள் பச்சை படிந்து அறுந்துவிடும். அதற்காகப் பலகையை வீசிவிட வேண்டாம். மழை தொடங்கிவிட்டது என்று முதல் சில துளிகளிலேயே சொல்ல அது நல்ல பொருள். அதற்கான மின்சாரத்தை மைக்ரோகன்ட்ரோலரின் இன்னொரு காலிலிருந்து கொடுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை 5 மில்லிவினாடி மட்டும் கொடுத்து, படித்துவிட்டு அணைத்துவிடுங்கள். அரிப்பு பல மடங்கு குறையும்.

அளவு வேண்டுமென்றால் தண்ணீரைப் பிடித்தாக வேண்டும். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். மழை பிடிக்கும் திறந்த வாயின் பரப்பும் அதில் விழுந்த நீரின் கன அளவும் தெரிந்தால் மழை தெரியும். கன அளவை அறிய வீட்டில் செய்யக்கூடிய வழிகள் மூன்று: சிறு வாளி ஒன்று நிரம்பிக் கவிழ்வதை எண்ணலாம், எடை போடலாம், மட்டம் பார்க்கலாம். மூன்றிலும் மின்னணு வேலை மிகக் குறைவாக இருப்பது முதலாவது. அங்கே அளப்பது வாளி, எண்ணுவது மட்டும்தான் சில்லின் வேலை. ஆங்கிலக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 1662-இல் செய்த கவிழ்வாளியின் தத்துவம்தான் இன்றும்.

ஜூன் 5 · கேட்டவர்

சரி, பலகையை விட்டுவிடுகிறேன். மட்டம் பார்ப்பதில் என்ன குறை? நீளக் குழாயில் நீரைப் பிடித்து, மேலே எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்ஆர்04 மீயொலி சென்சார் வைத்தால் போதாதா? அசையும் பாகம் இதிலும் இல்லை.

ஜூன் 5, மாலை

கணக்கைப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஒரு டிகிரிக்கு 0.6 மீட்டர் கூடும். காலைக்கும் மதியத்துக்கும் குழாய்க்குள் 20 டிகிரி வித்தியாசம் என்றால் வேகம் 12 மீட்டர் கூடிவிடும், அதாவது சுமார் 3.5 சதவீதம். நீர்மட்டம் சென்சாரிலிருந்து 30 செ.மீ. கீழே இருந்தால் இதுவே 10 மி.மீ. தவறு. எதிரொலி சீக்கிரம் திரும்புவதால் மட்டம் ஏறியதுபோலத் தெரியும். வெயில் கொளுத்தும் மதியத்தில் உங்கள் கருவி 10 மி.மீ. மழை பதிவு செய்யும்.

வெப்பநிலையை அளந்து திருத்தலாம், ஆனால் குழாய்க்குள் மேலும் கீழும் ஒரே வெப்பநிலை இருக்காது. பெரிய வாயிலிருந்து ஒடுங்கிய குழாய்க்கு இறக்கி, 1 மி.மீ. மழையை 10 மி.மீ. மட்டமாகப் பெருக்கலாம். அப்போது அலை குழாய்ச் சுவரில் பட்டுத் திரும்பும், சென்சாருக்கு நேர் கீழே 2 செ.மீ.க்குள் எதையும் அது பார்க்காது. குழாய் நிரம்பினால் காலி செய்ய ஒரு வால்வும் வேண்டும். அசையும் பாகம் அந்த வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

ஜூன் 6

எடை முறையைப் பற்றி நேற்று எழுதாமல் விட்டேன். அது மட்டமுறையைவிட எவ்வளவோ மேல். உள்விட்டம் 152 மி.மீ. உள்ள வாய்க்கு 1 மி.மீ. மழை 18.1 கிராம். 5 கிலோ வரை எடையை உணரும் ‘லோடு செல்’ ஒன்றும், அதைப் படிக்கும் எச்எக்ஸ்711 பலகையும் இருந்தால், பாத்திரத்தின் எடை அரைக் கிலோ போக சுமார் 248 மி.மீ. வரை காலி செய்யாமல் பிடிக்கலாம். கனமழையில் கவிழ்வாளிக்கு வரும் இழப்பு இதில் இல்லை.

குறைகள் வேறு. மலிவான லோடு செல் பகல், இரவு வெப்ப மாற்றத்தில் சில கிராம் நகரும். சுமை நெடுநேரம் மேலேயே இருந்தால் எண் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். காற்று பாத்திரத்தைத் தள்ளும். நீர் ஆவியாகும், அதற்கு மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் விட வேண்டும். இத்தனையையும் நிரலில் வடிகட்ட வேண்டும் என்பதால் முதல் கருவியாக இதைச் சொல்ல மாட்டேன். கவிழ்வாளியை முடித்துவிட்டு இரண்டாவதாகச் செய்து பக்கத்தில் வையுங்கள்.

ஜூன் 7

வாளிக்கு முன்னால் வாய். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

160 மி.மீ. பிவிசி குழாயில் 20 செ.மீ. துண்டு போதும். 160 என்பது வெளிவிட்டம். உள்விட்டம் சுவரின் தடிமனைப் பொறுத்து மாறும், அதனால் அளந்தே ஆக வேண்டும். குழாய் சரியான வட்டமாகவும் இருக்காது. வெர்னியரால் நான்கு திசையில் அளந்து சராசரி எடுங்கள். 152 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பு 181.46 ச.செ.மீ. விட்டத்தில் 1 மி.மீ. பிசகினால் பரப்பில் 1.3 சதவீதம் பிசகும். அந்தத் தவறு எந்த நிரலாலும் தானாகச் சரியாகாது.

விளிம்பு கத்திபோல இருக்க வேண்டும். உள்சுவரை நேராக விட்டுவிட்டு, வெளிப்பக்கத்தை மட்டும் அரத்தால் 45 டிகிரிக்குச் சரித்துத் தேயுங்கள், கடைசியில் உப்புத்தாள். தட்டையான 4 மி.மீ. விளிம்பில் விழும் துளி பாதி உள்ளே, பாதி வெளியே தெறிக்கும். எது எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

புனல் விளிம்பிலிருந்து குறைந்தது 8 செ.மீ. கீழே உட்காரட்டும், சரிவு 45 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். ஆழமில்லாத புனலில் பெருந்துளிகள் அடித்து வெளியே தாவிவிடும். புனலின் அடித்துளை 4 மி.மீ. அதற்கு மேலே துருப்பிடிக்காத கம்பிவலையை மேடுபோலக் குவித்து வையுங்கள். தட்டையாக வைத்தால் ஒரே ஒரு இலை மொத்தத்தையும் மூடிவிடும்.

ஜூன் 7, இரவு

வாளியின் அளவு. வாளி என்பது நடுச்சுவர் ஒன்றால் இரண்டு அறையாகப் பிரிந்து, சீசா பலகைபோல அச்சில் ஆடுவது; ஒரு அறை நிரம்பிக் கவிழ்ந்தால் மற்றது புனலின் கீழே வரும். ஒரு கவிழ்வு 0.2 மி.மீ. என்று வைத்தால் 181.46 ச.செ.மீ. வாய்க்கு 3.63 மி.லி. இதைவிடச் சின்னதாகச் செய்ய ஆசைப்படாதீர்கள். 110 மி.மீ. குழாயில் உள்விட்டம் 104 என்றால் 0.2 மி.மீ.க்கு 1.70 மி.லி.தான் வரும். கவிழ்ந்த வாளியின் உதட்டில் தொங்கி நிற்கும் ஒரே துளி 0.1 மி.லி. இருக்கலாம். 1.70-இல் அது 6 சதவீதம், 3.63-இல் 3 சதவீதத்துக்கும் கீழே. குழாய் சிறியதாகத்தான் கிடைத்தது என்றால் கவிழ்வை 0.5 மி.மீ. ஆக்குங்கள், 4.25 மி.லி. வரும்.

0.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் செய்யலாம். ஒவ்வொரு பாதியும் 40 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம், நடுச்சுவர் 18 மி.மீ. உயரம். அந்த முக்கோண அறையின் கொள்ளளவு சுமார் 7.9 மி.லி., நமக்கு வேண்டியதைப்போல இரு மடங்கு. இந்த இடைவெளி இருந்தால்தான் கனமழையில் ததும்பாது. 3டி அச்சில் எடுப்பவர்கள் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், பிஇடிஜி போடுங்கள். பிஎல்ஏ 60 டிகிரி அளவில் இளகும். வெயிலில் மூடிய குழாய்க்குள் நாளடைவில் கோணிக்கொள்ளும். அச்சின் வரிகள் நீரைப் பிடித்துவைக்கும் என்பதால் உட்பக்கத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்கிவிடுங்கள்.

அச்சுக்கு 2 மி.மீ. துருப்பிடிக்காத கம்பி, இருபுறமும் பித்தளைக் குழல், பக்கவாட்டில் அரை மி.மீ. இளக்கம். கம்பி வாளியின் அடிமுனைக்கு 3, 4 மி.மீ. கீழே போக வேண்டும். காலி வாளியைக் கையால் நடுவில் நிறுத்திப் பாருங்கள்: நிற்காமல் ஏதாவது ஒரு பக்கம் சட்டென்று விழ வேண்டும். ஊஞ்சல்போல நடுவுக்கே திரும்பினால் அச்சு புவியீர்ப்பு மையத்துக்கு மேலே இருக்கிறது, இன்னும் இறக்குங்கள்.

இரண்டு பக்கமும் வாளி வந்து உட்கார எம்3 (3 மி.மீ.) திருகு ஒவ்வொன்று. எந்தப் பக்க வாளி அதிக நீர் பிடிக்கிறதோ அந்தப் பக்கத் திருகை ஏற்றினால் அளவு குறையும்.

ஜூன் 8

மேலே கடைசி வரி தவறு. எந்தப் பக்க வாளி அதிகம் பிடிக்கிறதோ அதன் எதிர்ப்பக்கத் திருகைத்தான் ஏற்ற வேண்டும். இடது வாளி நிரம்பும் நேரத்தில் அது மேலே இருக்கிறது. திருகில் உட்கார்ந்திருப்பது வலது வாளி. வலது திருகை ஏற்றினால் சாய்வு குறையும், இடது வாளி குறைந்த நீரிலேயே கவிழும். தவறான திருகைத் திருப்பிக்கொண்டே போனால் இரண்டு பக்கமும் மேலும் மேலும் விலகும். நேற்றே படித்துத் திருகிவிட்டவர்கள் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்குங்கள்.

ஜூன் 10 · கேட்டவர்

வாளி செய்தாகிவிட்டது. கவிழ்வை உணர என்ன போடலாம்? என்னிடம் ரீட் ஸ்விட்ச் (காந்தம் அருகே வந்தால் மூடும் கண்ணாடிக்குழல் ஸ்விட்ச்), ஹால் சென்சார் (காந்தப்புலத்தை உணரும் சில்லு), அகச்சிவப்புத் துளை சென்சார் (ஒளி மறைவதை உணர்வது) மூன்றும் இருக்கின்றன.

ஜூன் 10, இரவு

ரீட் ஸ்விட்ச்.

அகச்சிவப்பு எல்இடி எரிய 10, 20 மில்லிஆம்பியர் கேட்கும், பனி படிந்தால் கண் மறையும், சிலந்தி ஒரு நூல் கட்டினாலும் எண்ணிக்கை குழம்பும். ஹால் சென்சாரில் சாதாரண வகை எப்போதும் சில மில்லிஆம்பியர் குடிக்கும். மின்சாரம் மிச்சப்படுத்தும் வகைகள் நொடிக்கு 5 அல்லது 20 முறை மட்டும் கண் திறந்து பார்ப்பவை. 5 முறை பார்க்கும் சென்சாருக்கு இரண்டு பார்வைக்கு நடுவே 200 மில்லிவினாடி இடைவெளி. காந்தம் அதற்குள் கடந்து போய்விடும். ரீட் சும்மா இருக்கையில் மின்சாரமே கேட்காது.

ரீட்டின் கண்ணாடி சுலபமாக உடையும். காலை மடக்கும்போது கண்ணாடிக்கும் மடிப்புக்கும் நடுவே மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு, கண்ணாடியிலிருந்து 3 மி.மீ. தள்ளி மடக்குங்கள். கண்ணில் தெரியாத விரிசல் விழுந்தாலும் ஈரம் புகுந்து சில மாதத்தில் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

காந்தம் வாளியின் நடுச்சுவரில் ஒட்டப்பட்டு, வாளி நடுநிலையைக் கடக்கும் கணத்தில் ரீட்டின் முன்னால் போக வேண்டும். ஓய்வில் இரண்டு பக்கமும் ரீட் திறந்தே இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஓய்வில் மூடியிருந்தால் இரண்டு கவிழ்வுக்கு ஒரு எண்தான் கிடைக்கும். 4 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம் உள்ள நியோடிமியம் வில்லையே தாராளம். பெரிய காந்தம் போட்டால் ரீட்டின் இரும்புக் கால்களே அதை இழுக்கும். வாளி பாதி வழியில், நடுச்சுவர் நேர் நிமிர்ந்தபடி, இரண்டு அறையிலும் நீர் சொட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் எண்ணிக்கை ஏன் திடீரென்று நின்றது என்று புரியும். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், ரீட் மூடுவது நிற்கும் தூரத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 1, 2 மி.மீ. உள்ளே வந்து நிறுத்துங்கள்.

ஜூன் 11

காந்தம் எந்தத் திசையில் கடக்கிறது என்பதும் முக்கியம். ரீட்டின் நீளவாக்கைப் பொறுத்துச் சில நிலைகளில் காந்தப்புலம் நடுவில் ஒரு கணம் அறுந்து, ஒரே கடப்பில் இரண்டு முறை மூடும். மல்டிமீட்டரின் பீப் ஒலியை வைத்து மெதுவாக வாளியைத் தள்ளிப் பாருங்கள். ஒரு கடப்புக்கு ஒரே பீப். இரண்டு கேட்டால் ரீட்டைக் கால் வட்டம் திருப்பி வைத்துப் பாருங்கள், அல்லது நீளவாக்கில் 5 மி.மீ. நகர்த்துங்கள். நிரலில் மறைப்பதைவிட இங்கே தீர்ப்பது நல்லது.

சுற்று: 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம் புல்-அப் மின்தடை (ரீட் திறந்திருக்கையில் காலை உயர்நிலையில் வைப்பது) உள்ளீட்டுக் காலுக்கு. அந்தக் காலிலிருந்து தரைக்கு 100 நானோஃபாரட் கபாசிட்டர். அதே காலிலிருந்து 1 கிலோஓம் வழியாக ரீட், ரீட்டின் மறுமுனை தரைக்கு. அந்த 1 கிலோஓமை விடக் கூடாது. கபாசிட்டரை நேராக ரீட்டின் குறுக்கே போட்டால், ஒவ்வொரு முறை மூடும்போதும் அதன் மின்னூட்டம் முழுவதும் ஒரே பொறியில் தொடுமுனை வழியாகப் பாயும். நாளடைவில் முனைகள் ஒட்டிக்கொள்ளும்.

நிரலில் ஒரு எண் வந்தபின் 300 மில்லிவினாடிக்கு வேறெதையும் ஏற்காதீர்கள். 0.2 மி.மீ. வாளியில் மணிக்கு 300 மி.மீ. என்ற பேய்மழையிலும் கவிழ்வுக்குக் கவிழ்வு 2.4 நொடி. ஆகவே 300-ஆல் எதையும் இழக்க மாட்டீர்கள்.

ஜூன் 15 · கேட்டவர்

ஒரு சோதனை செய்தேன். சிரிஞ்சால் 20 மி.லி. ஊற்றினேன். 5.5 வர வேண்டும், 6 வந்தது. ஆக என் வாளி 9 சதவீதம் அதிகம் காட்டுகிறது, சரியா?

ஜூன் 15

சரியில்லை, ஆனால் நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். வாளியில் ஏற்கெனவே எவ்வளவு நீர் இருந்தது, கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. 5.5-க்கு 5-ம் வரும், 6-ம் வரும். 20 மி.லி.யை வைத்து முடிவு எடுக்க முடியாது. குறைந்தது 100 கவிழ்வு வேண்டும்.

வழி இது. முதலில் கொஞ்சம் நீரை விட்டு வாளியைப் பத்து முறை கவிழவிடுங்கள், உலர்ந்த வாளி நடந்துகொள்வது வேறு. பிறகு சமையலறைத் தராசில் 1000 கிராம் நீரை எடுங்கள், கிராமும் மில்லிலிட்டரும் இங்கே ஒன்று. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஊசித்துளை போட்டுக் கவிழ்த்து, புனலின் மேல் தொங்கவிட்டு, ஒரு மணி நேரத்தில் முழுதும் இறங்குமாறு துளையைச் சரிசெய்யுங்கள். 181.46 ச.செ.மீ. வாய்க்கு 1 லிட்டர் என்பது 55.1 மி.மீ. மழை, 275 கவிழ்வு. உங்களுக்கு 268 வந்தால், ஒரு கவிழ்வு 1000-ஐ 268-ஆல் வகுத்த 3.731 மி.லி., அதாவது 0.2056 மி.மீ. அந்த எண்ணை நிரலில் போடுங்கள். திருகை ஓயாமல் திருப்பி 275-க்குக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. திருகு இரண்டு பக்கத்தையும் சமப்படுத்த, எண் மொத்தத்தைச் சரிசெய்ய.

ஜூன் 15, பின்னிரவு

சேர்க்க வேண்டியது: சாதாரணப் பாட்டிலில் மட்டம் இறங்க இறங்க ஓட்டமும் குறையும். சீரான ஓட்டம் வேண்டுமென்றால் மூடியில் இரண்டாவது துளை போட்டு, ஒரு மெல்லிய குழாயைப் பாட்டிலுக்குள் நீட்டுங்கள். காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், வேறெங்கும் கசியக் கூடாது. கவிழ்ந்த பாட்டிலில் குழாயின் உள்முனை நீருக்கு அடியில் இருக்கும்வரை ஓட்டம் மாறாது. இதற்கு மரியோட் பாட்டில் என்று பெயர். இரண்டு பக்க வாளியும் சமமா என்று பார்க்க இந்தச் சீரான ஓட்டம்தான் வேண்டும்.

ஜூன் 19 · கேட்டவர்

மரியோட் பாட்டில் வேலை செய்கிறது. கவிழ்வு இடைவெளிகள் நொடியில்: 9.1, 6.8, 9.0, 6.9, 9.1, 6.8. ஓட்டம் சீராக இல்லையோ?

ஜூன் 19

ஓட்டம் சீராகத்தான் இருக்கிறது, வாளிதான் சமமாக இல்லை. ஒரு பக்கம் மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் பிடிக்கிறது. முதலில் திருகைத் தொடாமல் ரசமட்டத்தை வைத்து அடித்தட்டு மட்டமா என்று பாருங்கள். ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்திருந்தாலே இப்படி மாறி மாறி வரும். மட்டமாக இருந்தும் வந்தால், 9 நொடி எடுக்கும் வாளி எது என்று கண்ணால் பார்த்து, அதன் எதிர்ப்பக்கத் திருகை அரைச் சுற்று ஏற்றுங்கள். வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் வந்தால் போதும். நாள் மொத்தத்தில் இந்தத் தவறு அடிபட்டுப்போகும், மழையின் வேகத்தைக் கணக்கிடும்போதுதான் பல்லிளிக்கும்.

ஜூன் 20

வேகம் என்றதும் நினைவுக்கு வந்தது. ஒரு நிமிடத்தில் எத்தனை கவிழ்வு என்று எண்ணி வேகம் சொல்லாதீர்கள். மணிக்கு 6 மி.மீ. மழையில் 2 நிமிடத்துக்கு ஒரு கவிழ்வுதான் வரும். நிமிடக் கணக்கில் அது 12, 0, 12, 0 என்று துள்ளும். ஒவ்வொரு கவிழ்வின் நேரத்தையும் பதிந்து, இரண்டுக்கும் நடுவிலான இடைவெளியிலிருந்து வேகம் எடுங்கள். நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரச் சில்லு நன்று, ஆண்டுக்கு ஒரு நிமிட அளவில்தான் பிசகும்.

கனமழையில் எல்லாக் கவிழ்வாளியும் குறைத்தே காட்டும். வாளி நகரத் தொடங்கியதிலிருந்து நடுச்சுவர் நீர்த்தாரையைக் கடக்கும்வரை, சுமார் கால் நொடி, நீர் ஏற்கெனவே நிரம்பிய வாளியிலேயே விழுந்து எண்ணப்படாமல் போகிறது. மணிக்கு 10 மி.மீ. என்றால் இது தெரியவே தெரியாது. 100 பெய்தால் 96.6 என்று காட்டும், 200 பெய்தால் 187. திருத்தம் சுலபம்: அந்தக் கவிழ்வின் மழை = 0.2 பெருக்கல் இடைவெளி, வகுத்தல் (இடைவெளி கழித்தல் 0.25). இடைவெளி 3.85 நொடி என்றால் 0.2139 மி.மீ. உங்கள் வாளியின் கால் நொடி உண்மையில் எவ்வளவு என்று கைபேசியின் மெதுவியக்கக் காணொளியில் சட்டங்களை எண்ணி எடுத்துவிடலாம்.

இதில் ஒரு சிக்கல்: ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் இறக்கிக் கண்டுபிடித்த எண்ணிலேயே மணிக்கு 55 மி.மீ. வேகத்தின் இழப்பும் கலந்திருக்கிறது. நேரத் திருத்தத்தையும் மேலே சேர்த்தால் இருமுறை திருத்தியதாகும். அதே லிட்டரை ஐந்து மணி நேரத்தில் சொட்டவிட்டு அடிப்படை எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஜூன் 15 குறிப்பில் இதைச் சொல்லாமல் விட்டது பிழை.

ஜூன் 28 · கேட்டவர்

வைஃபை உள்ள இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் பலகை, 2600 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி செல். பத்து நாளில் செத்துவிட்டது. டீப் ஸ்லீப் (சில்லின் ஆழ்தூக்க நிலை) போட்டிருக்கிறேன், 10 மைக்ரோஆம்பியர் என்றார்களே?

ஜூன் 28

10 மைக்ரோஆம்பியர் சில்லின் கணக்கு. பலகையில் இருக்கும் விளக்கு, யுஎஸ்பி சில்லு, மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் எல்லாம் தூங்காது. 10 மில்லிஆம்பியர் போனால் நாளுக்கு 240, பத்து பதினொரு நாளில் செல் காலி. விளக்கைக் கழற்றுங்கள், ஓய்வில் குறைவாகக் குடிக்கும் ரெகுலேட்டர் உள்ள பலகைக்கு மாறுங்கள், மல்டிமீட்டரைத் தொடரில் வைத்துத் தூக்கத்தில் எவ்வளவு போகிறது என்று நேரில் பாருங்கள்.

இன்னொன்று: வாளி நடுவில் சிக்கி ரீட் மூடியே நின்றால், கால் தாழ்ந்தே இருப்பதால் இஎஸ்பி32 தூங்கியவுடன் விழிக்கும், மறுபடி தூங்கும், மறுபடி விழிக்கும். தூங்கப்போகும் முன் காலின் நிலையைப் படியுங்கள். தாழ்ந்திருந்தால், அது உயரும்போது விழிக்கச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.

ஒவ்வொரு கவிழ்வுக்கும் வைஃபை வேண்டாம். எண்ணிவிட்டுத் தூங்கி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். அனுப்பும் அந்தச் சில நொடிகளிலும் எண்ணிக்கை நடக்க வேண்டும், எனவே விழித்ததும் முதல் வேலையாக இன்டரப்ட்டை (நடக்கும் வேலையை இடைமறித்து எண்ணவைக்கும் ஏற்பாடு) இணைத்துவிட்டு அப்புறம் வைஃபையைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் மழை வலுக்கும் நேரத்தில்தான் அதிகம் தவறும்.

மொத்த எண்ணிக்கையை ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம்) வைப்பவர்களுக்கு: அட்மெகா328 சில்லில் ஒரு இடத்தில் 1 லட்சம் முறை எழுதலாம் என்பது உறுதி. ஆண்டுக்கு 2000 மி.மீ. மழை என்றாலும் 10,000 கவிழ்வுதான். ஒரே இடத்தில் எழுதினாலே பத்தாண்டு. பயப்பட ஒன்றுமில்லை.

ஜூலை 6

எங்கே வைப்பது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மொட்டைமாடி வசதியானது, ஆனால் மோசமான இடம். ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1769-இல் வெளியிட்ட அளவீட்டில், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கூரைமேல் வைத்த மழைமானி தரைக்கருகே வைத்ததில் பாதிக்குச் சற்றே அதிகமாகத்தான் பிடித்தது. காரணம் காற்று என்று 1861-இல் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் விளக்கினார்: கருவியின் மேல் வளைந்து ஏறும் காற்று துளிகளை வாய்க்கு அப்பால் கொண்டுபோய்விடுகிறது. கைப்பிடிச் சுவரை மோதி எழும் காற்றில் இதுவே இன்னும் கூடும்.

தரையிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர்வரை வாய் இருக்கட்டும். அதற்கும் கீழே போனால் மண்ணிலிருந்து தெறிப்பது உள்ளே வரும். சுற்றியுள்ள மரம், சுவர் எதுவாக இருந்தாலும் வாய்க்கு மேல் அது எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள், நான்கு மடங்கு கிடைத்தால் நல்லது. கம்பம் ஆடக் கூடாது. பாதி நிரம்பிய வாளி காற்றின் உதறலிலேயே கவிழ்ந்துவிடும்.

ஜூலை 19 · கேட்டவர்

நேற்று இரவு மழை 9 மணிக்கே விட்டுவிட்டது. பதிவில் அதற்குப் பிறகும் கவிழ்வுகள்: 4 நிமிடம், 5, 7, 9, 12 என்று இடைவெளிவிட்டு நள்ளிரவுவரை. வெளியே ஒரு சொட்டு இல்லை. சத்தியமாகப் பார்த்தேன்.

ஜூலை 19

புனல் அடைத்திருக்கிறது. உண்மையான தூறல் இப்படி ஒழுங்காக இளைக்காது. ஏறும், இறங்கும், நிற்கும். புனலில் தேங்கிய நீர் கசியும்போதுதான் மட்டம் இறங்க இறங்க இடைவெளி மெல்ல நீளும். மொத்தம் அநேகமாகச் சரியாக இருக்கும், நீர் எங்கும் போய்விடவில்லை. வேகக் கணக்கு மட்டும் அந்த இரவுக்குச் செல்லாது. வலையின் மேட்டுக்கு அடியில் பாருங்கள், இலைச் சருகைவிடச் சேறும் பறவை எச்சமும் கலந்த பசைதான் பெரும்பாலும் காரணம்.

ஜூலை 19, இரவு · கேட்டவர்

எச்சம்தான். கூடவே வடிகால் துளையில் குளவி மண்கூடு கட்ட ஆரம்பித்திருந்தது.

ஜூலை 20

வடிகால் துளைகளுக்கும் 1 மி.மீ. கம்பிவலை ஒட்டிவிடுங்கள். கூட்டைத் தட்டும்போது வாளியை ஈர்க்குச்சியால் லேசாக முட்டுக்கொடுத்துவிட்டு வேலை செய்யுங்கள், இல்லாவிட்டால் பதிவில் பொய் மழை சேரும். இன்னும் நல்லது, ‘பராமரிப்பு’ பொத்தான் ஒன்று வைத்து, அழுத்தினால் அடுத்த அரை மணி நேரம் வரும் எண்ணிக்கையைத் தனியே குறித்துக்கொள்ளும்படி செய்வது.

சிலிக்கான் பசையால் ஒட்டுகிறவர்கள் வாங்கும்போது பாருங்கள். காடி நாற்றம் அடிக்கும் வகை அசிட்டிக் அமிலத்தை விட்டுக் காயும். மூடிய பெட்டிக்குள் அது சாலிடர் முனைகளையும் செம்பையும் அரிக்கும். மின்னணுப் பக்கத்துக்கு நடுநிலை வகையே போடுங்கள். கம்பி பெட்டிக்குள் கீழிருந்துதான் நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு வளைவு தாழ்ந்து தொங்கினால், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஆகஸ்ட் 2 · கேட்டவர்

கடைசிக் கேள்வி. வானம் வெளுத்த காலையில், 8 மணிக்கு, ஒற்றைக் கவிழ்வு ஒன்று பதிவாகியிருக்கிறது. மழையே இல்லை. வலை சுத்தம், கம்பம் ஆடவில்லை.

ஆகஸ்ட் 2, இரவு

முந்தைய மழையின் மிச்சம் 3 மி.லி. வாளியில் இருந்திருக்கும். புனலில் படிந்த பனி ஓடிவந்து மீதியை நிரப்பியது. 181 ச.செ.மீ. வாய்க்குக் கீழே இருக்கும் சரிவில் பனி முக்கால் மி.லி. சேர்ந்தாலே போதும். இதை நிரலில் அழிக்க வேண்டாம், அந்த 0.2-இல் பெரும்பகுதி உண்மையிலேயே முன்பு பெய்த மழைதான், தேதி மட்டும் மாறிவிட்டது. ஒற்றைக் கவிழ்வு, முன்னும் பின்னும் 6 மணி நேரம் வேறெதுவும் இல்லை என்றால் பக்கத்தில் ஒரு குறி போடச் சொல்லுங்கள்.

அதோடு, இரண்டு மீட்டர் தள்ளி அதே விட்டத்தில் வெறும் குழாய், அடியில் ஒரு பாட்டில், அவ்வளவுதான், மின்னணு எதுவும் இல்லாமல் ஒன்று வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பாட்டிலில் சேர்ந்த நீரை எடை போட்டு, கிராமை 18.1-ஆல் வகுத்து எழுதுங்கள். மின்னணு மானி அதைவிட ஒரு வாரம் தொடர்ந்து 5 சதவீதம் குறைவாகக் காட்டினால், நிரலைத் திறக்கும் முன் வாளியின் உதட்டைத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் பாசியும் படிந்த வாளி முழுதாக வடியாது. பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான தூரிகை, பிறகு மறுபடி அந்த ஒரு லிட்டர் சோதனை.